கிண்ணியாப் பாலத்தில் ஒரு பஸ்: பொறியியல் வகுப்பைத் தலைகீழாக்குவது ஏன், எப்படி?

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி ஞாபகம் வரும். 396 மீட்டர் நீளமான அந்தப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதில் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட ஒரு துண்டை மட்டும் எடுத்து, இரு முனையிலும் தாங்கப்பட்ட சாதாரண பீம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பாலம் இதைவிடச் சிக்கலானது. படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இது போதும். பஸ் எந்த இடத்துக்கு வரும்போது அந்தப் பீமை வளைக்கப் பார்க்கும் விளைவு, அதாவது பென்டிங் மொமென்ட், ஆகக் கூடுதலாக இருக்கும்?

பொறியியல் பீடத்தின் ஆரம்ப வருடங்களிலேயே வரும் கேள்வி இது. வழக்கமான வகுப்பில் விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பலகையில் சமன்பாட்டை நிறுவிக் காட்டுவார், அல்லது ஸ்லைட் போடுவார். பிள்ளைகள் கொப்பியில் எழுதி எடுப்பார்கள். அப்புறம் ஒரு டியூட்டோரியல் தாள் கைக்கு வரும். அதை இரவு பதினொரு மணிக்கு விடுதி அறையில் விரித்து வைக்கும்போதுதான், பகலில் எழுதியதில் எந்த வரி விளங்கவில்லை என்பதே தெரியவரும். அந்த நேரத்தில் கேட்க ஆளில்லை. பார்த்து எழுதுகிற லேசான வேலை நடந்தபோது ஆசிரியர் முன்னால் நின்றார். யோசிக்கிற கஷ்டமான வேலை வரும்போது பிள்ளை தனியாக இருக்கிறது.

இந்த இரண்டையும் இடம் மாற்றுவதுதான் தலைகீழ் வகுப்பறை. விளக்கத்தைச் சிறிய வீடியோவாகவோ வாசிப்பாகவோ முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். வகுப்பு நேரம் முழுவதும் கணக்குச் செய்வது, வாதாடுவது, பிழை விடுவது, திருத்துவது. கலப்புக் கற்றல் என்பது இதைவிட அகலமான சொல். இணையத்தில் நடப்பதையும் நேரில் நடப்பதையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி திட்டமிட்டு நடத்தும் எந்தப் பாடத்தையும் அப்படிச் சொல்லலாம். தலைகீழ் வகுப்பறை அதில் ஒரு வகை.

நான் திருகோணமலையில் சிவில் பொறியியலாளராக வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் பொதுவான மாணவர்கள் சேரக்கூடிய பொறியியல் பீடம் இல்லை. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானம் போன்றவை படிக்கலாம். பொறியியல் கிடைத்த பிள்ளை பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ ஹப்புகலைக்கோ கிளிநொச்சி அறிவியல் நகருக்கோ ஒலுவிலுக்கோ வேறெங்கோ போக வேண்டும். கம்பஸ் லீவில் ஊருக்கு வருகிறவர்களில் சிலர் உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். இந்த முறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி வாசித்தது, மீதி அந்த விறாந்தையில் கண்டது.

வீடியோவுக்கு முன்பே வந்த யோசனை

இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பாடசாலை ஒன்றில் இரசாயனவியல் படிப்பித்த ஜொனதன் பேர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இருவர். 2007இல், வகுப்புக்கு வர முடியாமல் போன பிள்ளைகளுக்காகப் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகளும் அதைத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று கண்டபோது, வகுப்பில் அதையே இன்னொரு முறை ஏன் சொல்ல வேண்டும் என்று யோசித்தார்கள். அதற்கு முன்னரே, 2000இல், ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகப் பொருளியல் ஆசிரியர்கள் மூவர் இதே ஏற்பாட்டை எழுதி வெளியிட்டிருந்தார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஹார்வர்டில் பௌதிகவியல் படிப்பித்த எரிக் மசூரின் அனுபவம். நல்ல ஆசிரியர் என்று மாணவர்களிடம் பெயர் எடுத்தவர் அவர். 1990 அளவில், விசை பற்றிய அடிப்படைக் கேள்விகள் கொண்ட ஒரு சோதனையைத் தன் மாணவர்களுக்கு வைத்தார். கணக்கே தேவைப்படாத, சாதாரண வசனத்தில் அமைந்த கேள்விகள். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் படிப்பித்தபடி பதில் எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். பெரிய கணக்குகளைச் செய்து முடிக்கும் பிள்ளைகள் இந்தச் சின்னக் கேள்விகளில் தடுமாறினார்கள். அதன் பிறகு மசூர் விரிவுரையைக் குறைத்தார். கேள்வி ஒன்றைப் போடுவார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். பின்னர் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடியும் பதில் சொல்ல வேண்டும். முதல் முறையில் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் வரையானவர்கள் சரியாகச் சொன்ன கேள்வியில்தான் வாதம் நன்றாக நடக்கும். எல்லோருக்கும் தெரிந்த கேள்வியில் பேச ஒன்றுமில்லை. ஒருவருக்கும் தெரியாததில் பேச்சு ஓடாது.

பஸ் கேள்வியை இப்படி வைத்துப் பாருங்கள். பீமின் நீளம் 20 மீட்டர், பஸ்ஸின் பாரம் ஒரே புள்ளியில் 100 கிலோநியூட்டன் என்று எடுத்துக்கொள்வோம். பஸ் நடுவில் நிற்கும்போது மொமென்ட் 500 கிலோநியூட்டன் மீட்டர். கால்பங்கு தூரத்தில் நின்றால் 375. சமன்பாட்டில் போட்டால் வந்துவிடும். ஆனால், "பீம் எந்த இடத்தில் வெட்டுப்பட்டு விழப் பார்க்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் என்று ஒரு கூட்டம் அடித்துச் சொல்லும். ஷியர் எனப்படும் வெட்டு விசை ஆகக் கூடுவது பஸ் தூணுக்குக் கிட்ட நிற்கும்போது என்று இன்னொருவர் படம் கீறிக் காட்டுவார். அந்த வாதம் நடக்கும் பத்து நிமிடத்தில் விளங்குவது, ஒரு மணி நேர எழுத்தில் விளங்காது. இதை நம்பிச் சொல்கிறேன்.

ஆய்வுகள் சொல்வது என்ன

2014இல் ஸ்கொட் ஃப்ரீமனும் சகாக்களும் விஞ்ஞான, பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதமானோர் சித்தியடையவில்லை. மாணவர்கள் ஏதாவது செய்துகொண்டிருந்த வகுப்புகளில் அது 21.8 சதவீதம். நூறு பேர் உள்ள ஒரு பாடத்தில் பன்னிரண்டு பேர் ரிப்பீட் எழுதாமல் தப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டால், அந்த எண்ணிக்கையின் பெறுமதி வீட்டில் ஒரு கம்பஸ் பிள்ளை உள்ள யாருக்கும் தெரியும்.

சரி, இந்தப் பலன் வீடியோவால் வந்ததா? இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். 2015இல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில், உயிரியல் பாடம் ஒன்றை இரண்டு விதமாக நடத்திப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு விளக்கம் வீட்டில், பயிற்சி வகுப்பில். மற்றக் குழுவுக்கு விளக்கம் வகுப்பில், பயிற்சி வீட்டில். ஆனால் இரண்டு குழுவுமே கேட்டு எழுதுவதாக இல்லாமல், தாங்களே தேடிச் செய்து படிக்கும்படி பாடம் அமைந்திருந்தது. பெறுபேற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது, பலனைத் தருவது மாணவர் செய்கிற வேலை. வீடியோ அந்த வேலைக்கு நேரம் எடுத்துக் கொடுக்கிற கருவி மட்டுமே. விரிவுரையைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றிவிட்டு, வகுப்பில் அதே ஸ்லைட்டை மறுபடி ஓட்டுகிறவர்கள் எதையும் தலைகீழாக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு பாடத்தை ஒன்றரைப் பாடமாக்கி இருக்கிறார்கள்.

இந்த ஒன்றரைப் பாடக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவிட வேண்டிய 50 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150. அதில் 45 மணித்தியாலம் விரிவுரை என்றால், மிகுதி 105 மணித்தியாலமும் மாணவரின் சொந்த நேரம். வீடியோ பார்ப்பதும் வாசிப்பதும் அந்த 105க்குள் அடங்க வேண்டும். வழக்கமான அசைன்மென்ட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு மேலே வீடியோவையும் ஏற்றினால் 150 எப்போதோ தாண்டிவிடும். ஆறு பாடத்தில் ஆறு ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் இதைச் செய்தால் பிள்ளை நித்திரையைத்தான் குறைக்கும்.

வீடியோவின் நீளத்துக்கும் அளவு உண்டு. எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 இலட்சம் வீடியோ பார்வைகளை 2014இல் ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் தங்கிய நேரத்தின் இடைநிலை ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். ஐம்பது நிமிட விரிவுரையைப் பின்வரிசையில் கமரா வைத்துப் பிடித்துப் போட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு வீடியோவில் ஒரு விஷயம் போதும். ஷியர் படம் கீறுவது ஒன்று. மொமென்ட் படம் கீறுவது இன்னொன்று.

ஆர்முடுகலிலிருந்து அக்சலரேஷனுக்கு

எங்கள் பிள்ளைகளுக்கு இந்த முறை ஏன் கூடுதலாக உதவும் என்று நான் நினைப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் தமிழில் படித்தவர்கள் இவர்கள். ஆர்முடுகல், அமுக்கம், சடத்துவத் திருப்பம் என்று இரண்டு வருடம் எழுதிப் பழகிய கை. பொறியியல் பீடத்தில் காலடி வைத்த முதல் கிழமையே அத்தனையும் ஆங்கிலம். விஷயம் தெரியும், சொல் தெரியாது. சடத்துவத் திருப்பத்தை வைத்து எத்தனையோ கணக்குச் செய்து தள்ளிய பிள்ளை, மொமென்ட் ஒஃப் இனேர்ஷியா என்ற பெயரில் அது வந்து நிற்கும்போது அடையாளம் காணாமல் விழிப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விரிவுரையாளர் அடுத்த வசனத்துக்குப் போயிருப்பார். ஒரு சொல்லில் தடக்கினவருக்கு மிகுதி அரை மணித்தியாலமும் போச்சு. கையை உயர்த்தி ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் துணிவு முதல் வருடத்தில் எத்தனை பேருக்கு வரும்?

வீடியோவை நிறுத்தலாம். பின்னுக்கு இழுக்கலாம். சொல்லை எழுதி வைத்து, அதன் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதலாம். அதே விஷயத்தை இந்தியாவின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் பேராசிரியர் ஒருவர் சொல்வதைக் கேட்கலாம்; அங்கே பல பாடங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்களும் அப்படியே. வகுப்புக்கு வரும்போது சொல் பழகியிருக்கும். அப்புறம் குழுவாகக் கணக்குச் செய்யும்போது தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசித் தாங்களே விளங்கிக்கொள்வார்கள். உயர்தரத்தில் கெட்டிக்காரராக இருந்து, முதல் செமஸ்டரில் தலை குனிந்து ஊருக்கு வருகிற பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

டேட்டாவும் கரண்டும்

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் எனப்படும் இலங்கையின் கல்வி வலையமைப்பு வழியாக ஸூமில் வகுப்புகள் தொடங்கின. சில மாதங்கள் அந்த வழியாகப் பல்கலைக்கழகத் தளங்களுக்குப் போவதற்கு டேட்டா காசு இல்லாமலும் இருந்தது. நாடே முடங்கியிருந்த நேரத்தில் படிப்பு நிற்காமல் ஓடியது பெரிய காரியம். ஆனால் அதைக் கலப்புக் கற்றல் என்று சொல்லக் கூடாது. பெரும்பாலும் பழைய விரிவுரைதான், திரையில் நடந்தது. அந்த அனுபவத்தால் இணையம் என்றாலே வெறுத்துப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. வெருகல் பக்கத்து வீடொன்றில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் என்றால், யார் எப்போது வீடியோ பார்ப்பது? இப்போது கரண்ட் ஒழுங்காக இருக்கிறது. போன் பிரச்சினை எல்லா வீட்டிலும் தீரவில்லை. ஆகவே வீடியோ கொடுக்கிறவர் அதன் எடையைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வினாடிக்கு 500 கிலோபிட் வீதம் ஓடும் ஆறு நிமிட வீடியோ ஏறத்தாழ 22 மெகாபைட். எழுத்தும் படமும் தெளிவாகத் தெரிய அது போதும். ஆசிரியரின் முகத்தை உயர் தரத்தில் பார்க்கத் தேவையில்லை. அதோடு, வீடியோவில் இருப்பதை நான்கு பக்கக் குறிப்பாகவும் கொடுக்க வேண்டும். கம்பஸ் வைஃபையில் இறக்கி, பென் டிரைவில் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். நேரடி ஒளிபரப்பைவிட இறக்கி வைக்கக்கூடிய கோப்பு எங்கள் பக்கத்துக்கு எவ்வளவோ நல்லது.

அடுத்தது, பிள்ளைகள் பார்த்துவிட்டு வருவார்களா என்ற கேள்வி. வகுப்புக்கு முதல் நாள் இரவு, பல்கலைக்கழகத்தின் இணையப் பாடத் தளமான மூடிலில் மூன்று கேள்வி வைப்பதுதான் நான் அறிந்ததில் நல்ல வழி. இரண்டு, பார்த்தவருக்கு இலகுவான கேள்விகள். சிறிய புள்ளி உண்டு. மூன்றாவது, "எந்த இடம் விளங்கவில்லை?" என்பது. அந்த மூன்றாவதற்கு வரும் பதில்களை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போகும் ஆசிரியருக்கு, எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஒருவர் பார்க்காமல் வந்துவிட்டார் என்பதற்காக அவருக்கு முழுவதையும் மறுபடி சொல்லிக் கொடுக்கத் தொடங்கினால், அடுத்த கிழமை யாருமே பார்த்துவிட்டு வரமாட்டார்கள்.

"சேர் படிப்பிக்கிறாரில்லை"

மாணவர்களிடமிருந்து எதிர்ப்பு வரும். உயர்தரம் முழுவதும் டியூசன் ஹோலில் நூற்றுக்கணக்கானோரோடு இருந்து, டியூட் வாங்கி, பாஸ்ட் பேப்பர் செய்து வந்தவர்கள் இவர்கள். நல்ல ஆசிரியர் என்றால் தெளிவாகச் சொல்லித் தருகிறவர் என்பதுதான் அவர்களின் அனுபவம். வகுப்பில் கேள்வியைப் போட்டுவிட்டு ஆசிரியர் சுற்றி நடந்தால், "சேர் படிப்பிக்கிறாரில்லை, நாங்களே எல்லாம் படிக்கிறம்" என்பார்கள். ஹார்வர்டிலும் இதுதான் நடந்தது. 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாங்களே செய்து படித்த மாணவர்கள் சோதனையில் கூடுதலாகப் புள்ளி எடுத்தார்கள். ஆனால், குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். நன்றாக ஓடும் விரிவுரை விளங்கின மாதிரி ஒரு சுகத்தைத் தரும். திணறிக்கொண்டு செய்யும்போது அந்தச் சுகம் கிடைக்காது. முதல் வகுப்பிலேயே இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியர் பக்கமும் பாரம் உண்டு. ஆறு நிமிட வீடியோவை ஒழுங்காகச் செய்ய மணித்தியாலக் கணக்கில் வேலை இருக்கிறது. அதனால் முழுப் பாடத்தையும் ஒரே செமஸ்டரில் மாற்றப் புறப்படுவது நல்லதல்ல. என்னைக் கேட்டால் லாபில் தொடங்கலாம். மின் அலையைத் திரையில் காட்டும் ஒசிலோஸ்கோப் ஒன்றைச் சுற்றி ஆறு பேர் நிற்கும் லாபில், முதல் ஒரு மணித்தியாலம் கருவியின் பொத்தான்களை விளக்குவதிலேயே போய்விடுகிறது. அதை வீடியோவில் பார்த்து, சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால், வந்தவுடன் கை வைக்கலாம். வெல்டிங்கும் லேத் மெஷினும் வேறு. அவற்றை எத்தனை வீடியோ பார்த்தாலும் கை பழகாது. வீடியோ அங்கே பாதுகாப்பு விதிகளுக்கு மட்டும்தான் உதவும்.

மாற்றம் ஆசிரியரின் விருப்பத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினர். எங்கள் பட்டங்கள் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கு அந்த உடன்படிக்கை முக்கியம். அது கேட்பவற்றில் குழுவாக வேலை செய்வதும், விஷயத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்வதும், தானே தொடர்ந்து படிப்பதும் இருக்கின்றன. விரிவுரை கேட்டு மூன்று மணித்தியாலப் பரீட்சை எழுதியதை வைத்து இவற்றில் எதைக் காட்டுவது?

விடுவித்த நேரத்தில் என்ன கேட்பது

நல்ல கேள்வி இல்லாவிட்டால் இத்தனை ஏற்பாடும் வீண். அதற்குத் தூரம் போகத் தேவையில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. மெல்லிய சுவர்கொண்ட உருளையில் அமுக்கம் எங்கே கூடும், தகட்டின் தடிப்பை அடியில் ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்கலாம். கன்னியாவில் பக்கத்தில் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. வெப்ப இடமாற்றம் படிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல லாப் எது?

கந்தளாய்க் குளத்தை நான் கட்டாயம் சேர்ப்பேன். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை அந்த அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மண் பொறியியல் வகுப்பில் மண் அணை ஒன்றின் குறுக்குவெட்டுப் படத்தைக் குழுக்களிடம் கொடுத்து, உள்ளே நீர் எந்த வழியாகக் கசிந்து போகும் என்று வரையச் சொல்லலாம். மண்ணுக்குள் நீர் கசியும் வேகத்தைச் சொல்லும் டார்சியின் விதியை வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். கசிந்து வெளியேறும் இடத்தில் நீரியல் சாய்வு, அதாவது நீர் போகும் தூரத்துக்கு அதன் மட்டம் குறையும் விகிதம், எவ்வளவு? மணலில் அது ஏறத்தாழ 1ஐ எட்டினால் மண்துணிக்கைகள் நீரோடு கிளம்பத் தொடங்கும். இப்படி அணையை உள்ளிருந்து அரித்துப் போகும் குழாய் போன்ற துளை எப்படி உருவாகிறது, யார் எந்த அடையாளத்தைக் கண்டு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்று ஒரு மணித்தியாலம் பேசலாம். அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், பேச்சு இன்னும் கவனமாக நடக்கும்.

போன லீவில் விறாந்தையில் பஸ் கேள்வியைக் கேட்டுவிட்டு, நடுவில் நிற்கும்போதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு, தம்பலகாமத்துப் பிள்ளை ஒன்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சேர், பஸ்ஸுக்கு ரெண்டு அச்செல்லோ? அப்ப எதை நடுவில வைக்கிறது?"

நான் பதில் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் தாளும் பென்சிலுமாக இருந்தார்கள். பின் அச்சை நடுவில் வைத்துப் பார்த்தார்கள், மொத்தப் பாரத்தின் மையத்தை வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் சரியாக வரவில்லை. இரண்டு அச்சும் பீமின் மேல் இருக்கும்போது, பாரம் கூடிய பின் அச்சுக்கும் மொத்தப் பாரத்தின் மையத்துக்கும் சரிபாதியில் பீமின் நடு விழ வேண்டும் என்ற இடத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அடுத்த நாள் அவள் பஸ் நிலையத்தில் நின்ற பஸ் ஒன்றின் முன் சில்லிலிருந்து பின் சில்லுவரை காலடி வைத்து அளந்துவிட்டு வந்திருந்தாள். ஐந்தரை மீட்டர் இருக்கும் என்றாள். மீண்டும் கணக்கை எடுத்தார்கள்.